ஐயாயிரத்து இருநூற்று எண்பதாம் கல்

திருப்பூர் அவிநாசி ரோட்டில், பட்டனும் ஜிப்பும் விற்கிற ஒரு கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. சாயப்பட்டறை மிஷின்களுக்குப் புத்தி சொல்லுகிற வேலை அங்கே. எந்த நிமிஷம் தண்ணீர் கொதிக்கணும், எந்த நிமிஷம் நீலம் இறங்கணும், எத்தனை தடவை துணியைப் புரட்டணும் என்றெல்லாம் மிஷினுக்குச் சொல்கிற புரோகிராம்களை, சி மொழியில், இருபத்து மூன்று பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒருத்தி கோகிலவாணி. முப்பத்து நாலு வயசு, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள், எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கிற புருஷன், யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை வராத சுபாவம். அந்தச் 'சரிங்க' அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

புரோகிராம் ஓடும்போது அதற்கு இடம் வேண்டும். 'மாலாக்' என்று எழுதி இத்தனை வேண்டும் என்று கேட்டால், மிஷின் அத்தனை இடத்தை ஒதுக்கி, அது எங்கே இருக்கிறது என்று ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை ஏதாவது ஒரு பெயரில் போட்டு வைத்துக்கொள்ளணும். வேலை முடிந்ததும் 'ஃப்ரீ' என்று எழுதி இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடணும். ஊர் உலகத்தில் எல்லா ஆபீஸிலும் இது மிஷினுக்குள்ளேயே நடந்து முடிகிற சமாசாரம். இந்த ஆபீஸில் மட்டும், ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலிருந்து, மாலாக் கேட்டவர்களுக்கு நிஜமாகவே ரூம் கிடைக்க ஆரம்பித்தது.

ஹாலுக்குப் பின்னால் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த நடைவழி அன்றைக்குக் காலையில் நீண்டுவிட்டது. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அரையடிக் கற்கள் பதித்த தரை, மேலே வரிசையாக டியூப் லைட். நாற்பது கேட்டால் நாற்பது கல் நீளத்துக்கு ரூம், நூறு கேட்டால் நூறு கல்; எத்தனையாவது கல்லில் ரூம் ஆரம்பிக்கிறதோ அதுதான் அதன் எண். நடைவழி வாசலில் நின்று, எண்ணைப் போட்டு வைத்த பெயரைச் சொல்லிவிட்டு நடந்தால் அந்தக் கல்லுக்கு நேரே கதவு இருக்கும். பெயர் இல்லாதவர்களுக்கு அங்கே வெறும் சுவர்தான்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. எம்.டி. பழனிவேலப்பன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கேயும் ஏசி வருதுங்களா?" என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிப்போனது. ஒருத்தர் மாலை போட்டிருந்தபோது அங்கே போய் சரணம் சொன்னார், ஒருத்தர் மாமனாரோடு போனில் சண்டை போட்டார், ரிசப்ஷன் வசந்தா கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை அடுக்கி வைத்தாள். அந்த ரூம்களுக்கு ஒரு குணம் இருந்தது: வைத்தது வைத்தபடி இருக்கும். சாம்பார் ஊசாது, பூ வாடாது, உள்ளே உட்கார்ந்தால் பசிக்காது, நகம்கூட வளராது. கூட்டித் துடைக்கிற ரங்காத்தாளுக்கு மட்டும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "படிச்சவிய கேக்கறது ரூமு, துடைக்கிறது நானா?" என்று வாளியை ணங்கென்று வைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தரிடமும் ரூம் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தினமும் கல்லை எண்ணிக்கொண்டே துடைத்தாள்.

ஃப்ரீ போட்டால் ரூம் மறைந்துவிடாது. கதவு தானாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் அடுத்து எவன் இடம் கேட்கிறானோ அவனுக்கு மிஷின் அதையே தூக்கிக் கொடுத்துவிடும், அவன் சாமான் பழைய சாமானின் மேலேயே வந்து உட்காரும். வசந்தா ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு ஃப்ரீ போட்டாள். திரும்பி ஓடுவதற்குள் அந்த இடத்தில் வேறொருத்தரின் சாயச் சார்ட்டுகள் நின்றன. டிபன் பாக்ஸின் ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்லை. இது சின்னது. பெரியது ஆனி மாதம் நடந்தது: ஒரே ரூமுக்கு யாரோ இரண்டு தடவை ஃப்ரீ போட்டுவிட, மிஷின் குழம்பி, அந்த இடத்தை வெள்ளை லாட்டுக்கும் சிவப்பு லாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்து, கப்பல் ஏற வேண்டிய வெள்ளை பனியன் அத்தனையும் ரோஸ் கலரில் வந்து இறங்கியது. எம்.டி. தண்ணி கேனுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்: 'இனிமேல் இந்த ஆபீஸில் யாரும் ஃப்ரீ போடக்கூடாது.'

அப்படியானால் ரூம்களை எப்போது காலி செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு மிஷினை நிறுத்துவார்கள், சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, மறுபடி ஆன் பண்ணுவார்கள். நிறுத்தின நொடியில் எல்லா ரூமும் போய்விடும், உள்ளே இருந்தவையும் போய்விடும். முதல் வருஷம் நாலு ஹெல்மெட்டும் வசந்தாவின் பத்திரிகைக் கட்டுகளும் அப்படித்தான் போயின. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆயுத பூஜை முடிந்து பத்தாம் நாள் கோகிலவாணி தனக்கென்று முதன்முதலாக ஒரு ரூம் கேட்டாள். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார், குழந்தைக்குச் சளி, புருஷன் மயில்சாமிக்கு ஷிப்மென்ட் அவசரம், விடிகாலை அஞ்சு மணியிலிருந்து நின்ற காலில் நிற்கிறாள். பத்து நிமிஷம் யாரும் 'கோகிலா' என்று கூப்பிடாத ஒரு இடம் போதும் என்று இருந்தது அவளுக்கு. நாற்பது கேட்டாள். அந்த ஆபீஸில் எல்லாருக்கும் ஒரு கெட்ட பழக்கம், அவசரத்துக்கு ரூம் கேட்டால் பெயர் யோசிக்க மாட்டார்கள், எல்லாரும் தற்காலிகம் என்ற அர்த்தத்தில் 'டெம்ப்' என்றே போடுவார்கள். அவளும் டெம்ப் என்று போட்டாள். வந்த எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையில் அன்றைக்கு வைத்த மல்லிகையோடு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

பக்கத்துச் சீட்டு சவுந்தரபாண்டி மதுரைப் பக்கத்துப் பையன், நல்லவன், ஆனால் கை ஓரிடத்தில் நிற்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்திருந்தான். ஆபீஸுக்குள் அதைத் திறந்தால் எம்.டி. கத்துவார். அவன் சிஸ்டம் அப்டேட்டில் நின்றுகொண்டிருந்ததால் கோகிலாவின் மேஜையில் இருந்த சிஸ்டத்தில் உட்கார்ந்து, ஒரு ரூம் கேட்டு, அவனும் டெம்ப் என்றே போட்டான். ஒரு சிஸ்டத்தில் ஒரு பெயரில் ஒரு எண்தான் நிற்கும். புது எண் ஏறியது, பழைய எண் அழிந்தது. அவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, தண்ணி கேன் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து கோகிலவாணியின் குரல் கேட்டது. "யாராச்சும் இருக்கீங்களா? கதவைக் காணோமுங்க."

முதல் ஒரு வாரம் எல்லாரும் துடித்துத்தான் போனார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை உடைத்தார்கள். அந்தப் பக்கம் பட்டன் கடைக்காரரின் குடோன்தான் இருந்தது, அவர் வந்து சண்டை போட்டார், திரும்பப் பூசிக் கொடுத்தார்கள். ஏசி பைப்புக்காகப் போட்ட ஓட்டை ஒன்று மட்டும் சுவரில் பாக்கி இருந்தது. அதில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டால் உள்ளேயிருந்து அவள் விரலைத் தொடலாம், அவ்வளவுதான். மயில்சாமி அதில் கையை விட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பாண்டி சுவரில் முட்டிக்கொண்டான். "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா, என்னைய மன்னிச்சிருங்கக்கா!" சீனியர்கள் கூடிப் பேசினார்கள், எண் போனால் போனதுதான், கோடிக் கல்லில் எந்தக் கல் என்று எவன் கண்டான் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இனி ஆயுத பூஜைக்குத்தான் ரூம்கள் போகும். ஆனால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகுமே என்று யாரோ சொன்னதும் எல்லாரும் சீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் பழகிவிட்டது. இதுதான் மனுஷ ஜென்மம். பத்தரை மணிக் காபி ஓட்டை வழியாக உள்ளே போனது, டம்ளர் திரும்பி வந்தது. லேப்டாப் அவளிடம் இருந்ததால் வேலையும் போனது, முடிந்து திரும்பி வந்தது; லீவு கிடையாது, பர்மிஷன் கிடையாது, பஸ் லேட் கிடையாது, நாலரை மணிக்கு வாட்சைப் பார்ப்பது கிடையாது. "கோகிலா உள்ள போனதுக்கப்புறம் ஒரு பக், ஒரு தப்பு வரலீங்க" என்று எம்.டி. வந்தவர் போனவரிடமெல்லாம் சுவரைக் காட்டிப் பெருமையடித்தார். மீட்டிங்கை அந்தச் சுவரோரமே வைத்துக்கொண்டார்கள். பெண்கள் குறையைச் சொல்லி அழச் சுவரோரம் வந்தார்கள். வெளியில் போய்ச் சொல்ல மாட்டாளே. வசந்தா ஒரு வெள்ளிக்கிழமை சுவருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரத்தையும் ஏற்றிவிட்டாள். உள்ளேயிருந்து கோகிலா கத்தினாள். "அடியே வசந்தா! நான் செத்துப்போகலைடி!"

மயில்சாமி முதலில் தினமும் வந்தான், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு என்பதால் சனிக்கிழமை. "போன்ல பேசிக்கலாம்ல கோகிலா, நீயும் நல்லாத்தான இருக்கற" என்றான் ஒருநாள். அவன் கெட்டவன் இல்லை, களைத்துப்போயிருந்தான். கோகிலா 'சரிங்க' என்றாள். சொல்லிவிட்டு, அந்த நாற்பது கல்லின் நீளத்துக்கும் போய்ப் போய் வந்தாள், எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. எதுவும் மாறாத இடத்தில் அழுதால் கண்ணீர்கூடக் காய மாட்டேன் என்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தினமும் தவறாமல் வந்தது மகள் ஆதிரை ஒருத்திதான். நாலேகாலுக்கு ஸ்கூல் ஆட்டோ அவளைக் கீழே இறக்கிவிடும். பையோடு மூன்று மாடி ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, எக்கி நின்று, வலது காதைச் சுவரில் அப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அம்மா, சொல்லும்மா" என்பாள். கண்ணை மூடினால்தான் அம்மா நன்றாகக் கேட்கிறதாம். பல் விழுந்தது, புதுப் பல் முளைத்தது, வாய்ப்பாடு ஏழு வரைக்கும் வந்தது எல்லாம் கோகிலாவுக்குச் சுவர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. ஆடி மாதம் ஸ்கூலில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்கள். டீச்சர் அதை மயில்சாமிக்கு அனுப்ப, மயில்சாமி கோகிலாவுக்கு அனுப்பினான்: அப்பா, ஆதிரை, நடுவில் மஞ்சள் கலரில் ஒரு பெரிய கட்டம், அதில் ஒரு சின்ன ஓட்டை. கட்டத்துக்குக் கீழே 'அம்மா' என்று எழுதியிருந்தது. கோகிலா அதைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது, பூஜை நாளில் தான் போகப்போவதுகூடப் பெரிதில்லை, அதற்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறோம் என்று.

புரட்டாசி பிறந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் எட்டே நாள். எம்.டி. எல்லாரையும் சுவரோரம் கூட்டினார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம கோகிலாவுக்காக நான் ஒரு முடிவு பண்ணியிருக்கறனுங்க. இந்த வருஷம் மிஷினை நிறுத்தப் போறதில்லை. இனி எந்த வருஷமும் நிறுத்தப் போறதில்லை. சந்தனம் குங்குமம் மேலாக வச்சுக்கலாம். கோகிலா காலம் பூராவும் பத்திரமா உள்ளேயே இருக்கட்டும்!" எல்லாரும் கை தட்டினார்கள். சில பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். கோகிலவாணிக்கு அந்தக் கைதட்டல் தன் மேல் மண் விழுகிற சத்தமாகக் கேட்டது.

மறுநாள் காலையில் ரங்காத்தாள் ஓட்டையில் வாயை வைத்துச் சண்டைக்கு வந்தாள். அவளுக்கு வேறு கவலை. "ஏங் கண்ணு, பூசை வருது, உன்ற ரூம் ஒண்ணுதான் பதினோரு மாசமா துடைக்காமக் கெடக்குது. துணியும் பினாயிலும் உள்ள தர்றேன், நீயே துடைச்சுப்போடு. எத்தனை கல்லு சொல்லு, அத்தனைக்குத் தக்கன ஊத்தித் தாரேன்."

"நாப்பதுங்க்கா."

"நாப்பதா?" ரங்காத்தாள் வாளியைக் கீழே வைத்தாள். "நாப்பதுதானா? நல்லா நெனப்பு இருக்குதா?"

"நான்தானக்கா கேட்டேன். ஏனுங்க்கா?"

"இல்ல கண்ணு, பாண்டித் தம்பி கருவாடு திங்குதே ஒரு ரூம்பு, அதுக்கு முந்தி ஒரு எடம் சும்மா வெறுஞ்செவுரா வருது. ஊரெல்லாம் ஒரு ரூம் முடிஞ்சா அடுத்த ரூம் தொடங்குது, அங்க மட்டும் கதவே இல்லாம நடந்துகிட்டே இருக்கறேன். எண்ணிப் பாத்தேன், நாப்பத்தெட்டுக் கல்லு."

கோகிலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தன் சிஸ்டத்தில் தனக்கு அடுத்துக் கேட்டவன் பாண்டி. ஒரே சிஸ்டத்தில் அடுத்தடுத்துக் கேட்டால் மிஷின் அடுத்தடுத்துத்தான் கொடுக்கும். இருபத்து இரண்டு படித்த மனுஷர்கள் பதினோரு மாசமாகச் சுவரோரம் காபி குடித்தார்கள், எத்தனை கேட்டாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ரூம் துடைக்கிறவள் கேட்டாள். ஆனால் நாற்பத்தெட்டு ஏன்? எட்டுக் கல் எப்படி அதிகமானது?

"அதைக் கேக்கறயா? ஒவ்வொரு ரூம்புக்கும் முந்தி எட்டுக் கல்லுக்கு ஒரு ரேழி இருக்குதல்ல, மிஷின் என்னமோ சாக்பீஸ்ல எழுதி வெச்சுக்குதே, அது. ஒருத்தரும் அதுல கால் வெக்கறதில்ல, துடைக்கறது நான்தான."

பாண்டியின் ரூம் ஐயாயிரத்து முந்நூற்று இருபத்தெட்டாம் கல்லில் ஆரம்பிக்கிறது. கோகிலா அவசரத்தில் நாற்பதை மட்டும் கழித்து ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு என்று எழுதி, உடனே அடித்துவிட்டாள். தப்பான எண்ணுக்கு ஃப்ரீ போட்டால் மொத்த மிஷினும் உட்கார்ந்துவிடும், பூஜைக்கு என்ன ஆகுமோ அது இப்போதே ஆகிவிடும். பாண்டியின் ரேழி எட்டு, தன் ரூம் நாற்பது. ஐயாயிரத்து இருநூற்று எண்பது.

கையால் எழுதின எண்ணை வைத்துக் கதவைத் திறக்க முடியாது. பெயரில் எண்ணை ஏற்ற மிஷினால்தான் முடியும். ஃப்ரீக்கு எண் மட்டும் போதும். ரங்காத்தாளும் பாண்டியும் போய் எம்.டி.யிடம் சொன்னார்கள். அவர் தண்ணி கேனுக்கு மேலே இருந்த தாளைக் காட்டினார். "ஃப்ரீங்கற பேச்சையே எடுக்காதீங்க. ரோஸ் பனியன் மறந்து போச்சா? இந்த ஆபீஸ்ல நிமிஷத்துக்கு முப்பது தடவை எவனோ ஒருத்தன் இடம் கேக்கறான். ஃப்ரீ போட்டு அது எந்திரிச்சு வெளிய வர்றதுக்குள்ள எவனாச்சும் கேட்டுட்டா? பொண்ணு மேலேயே சார்ட்டு வந்து நிக்கும். வேண்டாம்." அப்புறம் சுவருக்கு நெருங்கி வந்து, குரலைத் தணித்து, நிஜமான அன்போடு கேட்டார். "உள்ள உனக்கு என்னம்மா குறை?"

எல்லாரும் அந்த 'சரிங்க'வுக்காகக் காத்திருந்தார்கள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரங்காத்தாள் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து ஹால் முழுக்க ஊற்றினாள். அவள் துடைத்த ஈரத் தரையில் அந்த ஆபீஸில் இதுவரைக்கும் ஒருத்தரும் கால் வைத்ததில்லை, எம்.டி.யே ஒருதடவை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். கை கழுவிவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். எம்.டி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனை நேரம் ரங்காத்தா? டெஸ்பாட்ச் இருக்குது" என்றார். "காயற வரைக்கும்" என்று அவள் இன்னொரு வாளியை ஊற்றினாள். பாண்டி வாசலில் கடைசி ஆளாக நின்று, இடம் கேட்க எந்தக் கீபோர்டிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, போனில், "இப்பப் போடுங்கக்கா" என்றான்.

கோகிலவாணி எண்ணை நாலு தடவை படித்தாள். ஃப்ரீ போட்டாள். பதினோரு மாசமாக இல்லாத கதவு, அது பாட்டுக்கு, எதுவும் நடக்காததுபோல் திறந்துகொண்டு நின்றது. லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். நாற்பது கல், எட்டுக் கல் ரேழி, அதைத் தாண்டியும் ஓடினாள், டியூப் லைட்டுகளுக்குக் கீழே, ஐயாயிரம் கல் தூரமும் ஓடினாள். வாசலில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஈரத் தரையில் சதக் சதக் என்று கால் பதித்து ஹாலைக் கடந்து வந்தாள். ரங்காத்தாள் முந்தானையால் அவள் முகத்தைத்தான் துடைத்தாள். பாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேவினான். எம்.டி. செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார். "சரிம்மா... வந்துட்ட. நல்லது. கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு உக்காரு" என்றார்.

தரை காய்ந்தது. ஆளாளுக்குச் சீட்டுக்குப் போனார்கள், யாரோ முதலில் நாற்பது கேட்டார், மிஷின் அந்த ரூமை எடுத்துக் கொடுத்தது. கோகிலாவின் நாற்காலியில் ஆடி மாதமே சேர்ந்த ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அதெல்லாம் கோகிலாவின் கண்ணில் படவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு, நாலு அஞ்சு, நாலு பத்து. அழுத முகத்தோடு குழந்தை பார்க்கவேண்டாம் என்று பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள், கழுவக் கழுவ அழுகை வந்தது, மறுபடி கழுவினாள்.

வெளியே வந்தபோது ஆதிரை வந்துவிட்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். முதுகில் பை, சுவரில் வலது காது, இறுக்க மூடின கண். இப்போது எக்க வேண்டியிருக்கவில்லை. நாலு விரல் உயரம் வளர்ந்திருந்தாள். ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லப்போன பாண்டியின் கையை ரங்காத்தாள் இறுக்கிப் பிடித்தாள்.

கோகிலவாணி மகளுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் போய் நின்றாள். "ஆதிரை" என்றாள்.

குழந்தை திரும்பவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் சுவரை அணைத்து, காதை இன்னும் அழுத்தமாக அப்பிக்கொண்டு, முகமெல்லாம் சிரித்தாள்.

"அம்மா, இன்னிக்கு உன் சத்தம் ரொம்பப் பக்கத்துல கேக்குதும்மா" என்றாள் சுவரிடம்.